ஒரே நினைவகம், இரண்டு பேர்: பள்ளிக்கு வந்த முதல் கணினியின் உள்ளே

சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியின் மேலே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், கீழே இருக்கும் பாட்டம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். இரண்டையும் இணைக்கும் பற்சக்கரங்கள் அந்த அளவில் செய்யப்பட்டவை. அதனால்தான் நாடா ஒருமுறை இடமிருந்து வலம், மறுமுறை வலமிருந்து இடம் என்று முறை தவறாமல் போய் வருகிறது. பற்சக்கரத்தில் ஒரு பல் தள்ளி மாட்டினால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பாவு மூடும் நேரத்தில் நாடா உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரே நொடியில் பத்து நூறு இழை அறுந்து தொங்கும்.

'ஆளுக்கொரு முறை, நேரம் தவறக் கூடாது' என்ற இதே கணக்கை நம்பித்தான் 1981-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு வீட்டுக் கணினி வடிவமைக்கப்பட்டது. பெயர் பி.பி.சி. மைக்ரோ. இன்று ஐம்பது வயதை ஒட்டி இருப்பவர்களில் பலர், பள்ளிக்கூடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்த முதல் கணினி இதுதான். இந்தக் கட்டுரையைப் படிக்கும் கைப்பேசிக்குள் இருக்கும் சிப்பும் அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

மோகாலி வழியாக வந்தது

மக்களுக்குக் கணினியைக் கற்றுத்தர பி.பி.சி. ஒரு தொலைக்காட்சித் தொடரைத் திட்டமிட்டது. அதோடு சேர்த்து ஒரு கணினியும் வேண்டும் என்று தேடியது. ஏகார்ன் என்ற சிறிய நிறுவனம் ஒரு வாரத்துக்குள் மாதிரி இயந்திரம் செய்து காட்டி வேலையைப் பெற்றது. மின்சுற்றை வரைந்தவர் ஸ்டீவ் ஃபர்பர். மென்பொருளை எழுதியவர் சோஃபி வில்சன். சிப்களின் கால்களுக்கு இடையே மெல்லிய கம்பிகளைச் சுற்றிச் சுற்றி அந்த முதல் மாதிரியைக் கட்டியவர் ராம் பானர்ஜி. 1981 டிசம்பரில் இயந்திரம் விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் 1984–85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த இயந்திரத்தையே தேர்ந்தெடுத்தது. முதலில் சுமார் 250 பள்ளிகள். பிறகு மொத்தம் சுமார் 12,000 இயந்திரங்கள், ஏறத்தாழ 2,600 பள்ளிகளுக்குப் போயின. பஞ்சாபின் மோகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதே கணினியை 'யூனிகார்ன்' என்ற பெயரில் செய்தது. ஹோப் என்ற இன்னொரு இந்திய நிறுவனம் 'டால்ஃபின்' என்ற பெயரில் செய்தது. பெயர்ப்பலகை மாறினாலும் உள்ளே இருந்த வடிவமைப்பு ஒன்றுதான்.

மூடியைத் திறந்தால்

பின்பக்கம் இரண்டு, அடிப்பக்கம் இரண்டு. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும். உள்ளே ஒரே ஒரு பெரிய பலகை. அதன்மேல் கறுப்புப் பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்தது போலச் சிப்கள். எது என்ன வேலை செய்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். ஒரு சிப், ஒரு வேலை. இன்றைய கைப்பேசியில் இது முடியாது. எல்லா வேலையும் நகக்கண் அளவு சில்லு ஒன்றுக்குள் போய்விட்டது.

பலகையில் 40 கால்களோடு நீளமாக இருப்பது 6502. இதுதான் செயலி. 1975-ல் அமெரிக்காவின் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனத்தில் சக் பெடிலும் பில் மென்ஷும் கூட்டாளிகளோடு உருவாக்கியது. போட்டி நிறுவனங்களின் செயலிகள் பல மடங்கு விலையில் இருந்தபோது இதை 25 டாலருக்கு விற்றார்கள். வீட்டுக்குள் கணினி வந்ததற்கு இந்த விலைக்குறைப்பு முக்கியக் காரணம். இதற்குள் இருப்பது சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள். இன்றைய உயர்ரகக் கைப்பேசிச் சிப்பில் ஆயிரம் கோடிக்கும் மேல்.

நாடா போல முறை வைத்து

கணினியில் படம் காட்டுவது கேட்பதற்கு எளிது; செய்வது கடினம். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் நினைவகத்தில் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காலத் தொலைக்காட்சித் திரை நொடிக்கு 50 முறை படத்தைப் புதிதாக வரையும். எனவே திரைச் சுற்று ஓயாமல் நினைவகத்தைப் படித்தபடியே இருக்க வேண்டும். செயலிக்கும் அதே நினைவகம்தான் வேண்டும். ஒரு கிணறு, இரண்டு குடும்பம். யார் முதலில் இறைப்பது?

அந்தக் காலக் கணினிகள் பல இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தன. 1982-ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமில், திரை படிக்கும் நேரத்தில் செயலி அந்தப் பகுதியைத் தொட வந்தால் அதை நிறுத்திவைப்பார்கள். விலை குறைந்தது, வேகமும் குறைந்தது.

ஏகார்ன் குழு வேறு வழியில் போனது. 6502-க்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் பாதி நேரம்தான் நினைவகத்தைத் தொடும். மீதிப் பாதி நேரம் தன் உள்வேலையைப் பார்க்கும். அந்தக் காலிப் பாதியைத் திரைக்குக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். செயலி நொடிக்கு 20 லட்சம் துடிப்பில் ஓடுகிறது, அதாவது 2 மெகாஹெர்ட்ஸ். திரைக்கும் 20 லட்சம் முறை. ஆக நினைவகம் நொடிக்கு 40 லட்சம் முறை பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை செயலிக்கு, மறுமுறை திரைக்கு, மறுபடி செயலிக்கு. இடமிருந்து வலம், வலமிருந்து இடம் போகும் நாடாவேதான். நேரம் சரியாக இருக்கும்வரை இருவரும் மோதிக்கொள்வதே இல்லை. இன்னொருவர் இருக்கிறார் என்பதுகூடச் செயலிக்குத் தெரியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது ஒரு நொடியில் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு வேகமான நினைவகச் சிப்கள் அன்று அரிது. அவற்றைத் தேடிப்பிடித்துப் பலகையில் 16 சிப்களாக வைத்தார்கள். மொத்தம் 32 கிலோபைட்.

கூடவே ஒரு லாபமும் கிடைத்தது. இந்த வகை நினைவகம் ஓட்டைப் பானை மாதிரி. அடிக்கடி தொட்டுப் புதுப்பிக்காவிட்டால் எழுதியது வடிந்துபோகும். மற்ற கணினிகளில் இதற்கென்று தனிச்சுற்று வைப்பார்கள். இங்கே திரைதான் ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கிறதே! அந்தப் படிப்பே புதுப்பிக்கும் வேலையையும் முடித்துவிடுகிறது. ஒரே வேலையில் இரண்டு கூலி.

64-க்குள் ஒரு குடித்தனம்

6502-இன் முகவரிக் கால்கள் 16. இரண்டைப் பதினாறு முறை பெருக்கினால் 65,536. இதற்கு மேல் ஓரிடத்தையும் அதனால் கூப்பிட முடியாது. இதுதான் 64 கிலோபைட். இந்த வீட்டை மூன்றாகப் பிரித்தார்கள். கீழ்ப்பாதி 32, எழுதி அழிக்கும் நினைவகத்துக்கு. மேலே 16, இயங்குதளத்துக்கு. விசைப்பலகை, ஒலி போன்ற கருவிகளைக் கூப்பிடும் முகவரிகளும் இதற்குள் ஒரு மூலையில்தான். நடுவில் இருக்கும் 16 வாடகை அறை. பேசிக் மொழிச் சிப் அங்கே குடியிருக்கும். வேறொரு சிப்பைப் பலகையில் உள்ள காலிக் குழியில் செருகினால், வேண்டும்போது அது அந்த அறைக்கு வரும். பேசிக் வெளியே நிற்கும்.

ஆனால் திரை ஒரு பெரும் தீனிக்காரன். குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 256 புள்ளி என்று இரண்டு வண்ணத்தில் படம் காட்டினால் 20 கிலோபைட் போய்விடும். கையில் இருப்பதே 32. மிச்சத்தில் இயங்குதளத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கினால், மாணவர் எழுதும் நிரலுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அதற்காகவே ஏழாம் வகைத் திரை ஒன்றைத் தனியாக வைத்தார்கள். அதில் எழுத்துகளின் வடிவம் எஸ்.ஏ.ஏ.5050 என்ற சிப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். நினைவகத்தில் எழுத்தின் எண் மட்டும் இருந்தால் போதும். 40 எழுத்து, 25 வரி. 1,000 எழுத்துக்கு ஒரு கிலோபைட் போதும். இருபது எங்கே, ஒன்று எங்கே!

'ட' வரைய எட்டு எண்கள்

ஏழாம் திரையில் தமிழ் வராது. அந்தச் சிப்பில் பதிந்திருப்பது ரோமன் எழுத்து மட்டுமே. அழித்து எழுதவும் முடியாது. ஆனால் மற்ற திரைகளில் ஒரு வாசல் திறந்திருந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புது எழுத்தை வரைந்து கொடுத்தால் கணினி ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். நெசவு டிசைனைக் கட்டத்தாளில் வரைந்து, எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று குறிப்பது போலத்தான்.

'ட' என்ற எழுத்துக்கு: 128, 128, 128, 128, 128, 128, 255, 0. முதல் ஆறு வரிசையில் இடது ஓரப் புள்ளி மட்டும். ஏழாவதில் எட்டுப் புள்ளிகளும். கடைசி வரிசை காலி. செங்குத்துக் கோடும் அடிக்கோடும் சேர்ந்து 'ட' ஆகிவிடும்.

சாதாரணமாக இப்படி 32 எழுத்துகளுக்கு இடம் உண்டு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. 31-லேயே கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. கு, கூ, ணி, லை எல்லாம் எங்கே போவது? 'ணை' போன்ற அகலமான எழுத்தை எட்டுப் புள்ளிக்குள் எப்படி அடக்குவது? தமிழ் கணினிக்குள் வரப் பட்டபாட்டின் ஒரு துளி இந்தச் சின்னக் கட்டத்திலேயே தெரிகிறது. அந்தக் காலப் பள்ளிக் கணினிகளில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்ததும், மற்றவர்கள் பின்னால் நின்று பார்த்ததும் இந்தக் கட்டத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

ஊடை அறுந்தால் தறி நிற்கும்

தறியில் ஊடை நூல் அறுந்தால் யாரும் ஓடி வர வேண்டியதில்லை. ஓரத்தில் இருக்கும் முள்போன்ற கம்பி, நூல் இல்லை என்று தெரிந்ததும் தறியை நிறுத்திவிடும். ஓட்டுபவர் அதுவரை அடுத்த தறியைப் பார்க்கலாம்.

பி.பி.சி. மைக்ரோவின் விசைப்பலகையும் இப்படித்தான். யாராவது பொத்தானை அழுத்தினார்களா என்று செயலி போய்ப் போய்ப் பார்ப்பதில்லை. ஒரு சின்னச் சுற்று வரிசைகளைத் தானாகவே தடவிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு விசை அழுந்தினால் 6522 என்ற சிப் செயலியின் தோளைத் தட்டும். செயலி கைவேலையை அப்படியே வைத்துவிட்டு, எந்த விசை என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, விட்ட இடத்துக்குத் திரும்பும். இதே சிப் நொடிக்கு 100 முறை தட்டிக் கடிகாரத்தையும் ஓட்டுகிறது.

6522 செயலியைவிட மெதுவானது. அதோடு பேசும்போது மட்டும் செயலியின் துடிப்பை நீட்டி, வேகத்தைக் குறைப்பார்கள். பேச்சு முடிந்ததும் பழைய வேகம். வேகமானதும் மெதுவானதும் ஒரே பட்டறையில் வேலை செய்ய இப்படி ஒரு விட்டுக்கொடுத்தல் வேண்டியிருந்தது.

விரல் வைத்த இடம்

எல்லாம் கணக்குப்படி நடந்தது என்று நினைக்க வேண்டாம். உருவாக்கும் கட்டத்தில் இயந்திரம் நிலையாக ஓடவில்லை. ஆனால் பலகையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரலை வைத்தால் ஓடியது! விரலுக்குப் பதிலாக அங்கே ஒரு ரெசிஸ்டர் தொகுதியை வைத்தார்கள், சரியாகிவிட்டது. ஏன் சரியானது என்பது முழுதாகப் புரியாமலேயே சுமார் 15 லட்சம் இயந்திரங்கள் விற்றன என்று ஃபர்பர் பேட்டிகளில் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

நேரக்கணக்கு அவ்வளவு நெருக்கம். விரல் நுனி சேர்த்த சிறு மின்விளைவே ஓடுவதற்கும் நிற்பதற்கும் வித்தியாசமாக இருந்தது. தறியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே எங்கே தளர்வு என்று சொல்லும் ஃபிட்டருக்கு இது வியப்பாக இருக்காது.

'பூ... பீப்'

காதால் பழுது பார்க்கவும் இந்த இயந்திரம் இடம் கொடுத்தது. சுவிட்சைப் போட்டதும் முதலில் தாழ்ந்த குரலில் ஒரு 'பூ...', உடனே உயர்ந்த குரலில் ஒரு 'பீப்'. இரண்டுக்கும் அர்த்தம் உண்டு. எஸ்.என்.76489 என்ற ஒலிச் சிப், மின்சாரம் வந்தவுடன் யாரும் சொல்லாமலேயே கத்தத் தொடங்கும். செயலி விழித்து, இயங்குதளத்தைப் படித்து, ஒலிச் சிப்பைப் பார்த்து 'சும்மா இரு' என்று அடக்கிவிட்டுத் தன் 'பீப்' ஒலியைக் கொடுக்கும்.

'பூ' என்பது நிற்காமல் நீண்டுகொண்டே போனால், அடக்க ஆள் வரவில்லை என்று பொருள். செயலியோ, இயங்குதளச் சிப்போ, நினைவகமோ, அவற்றை இணைக்கும் ஏதோ ஒன்றோ வேலை செய்யவில்லை. திரையே இல்லாமல் பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. முக்கியச் சிப்கள் பல குழியில் செருகப்பட்டவை. எடுத்து, கால்களைத் துடைத்து, திரும்பச் செருகினாலேயே உயிர் பெற்ற இயந்திரங்கள் உண்டு. பலகையின் முழு மின்சுற்று வரைபடமும் 1983-ல் வெளிவந்த உயர்நிலைக் கையேட்டிலேயே அச்சாகியிருந்தது.

மூலைக்குப் போன கதை

பழுது பார்க்க இவ்வளவு எளிதான இயந்திரம் ஏன் பல பள்ளிகளில் மூலைக்குப் போனது? வரைபடம் இருந்தது, படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை. 1990-களில் இந்த இயந்திரங்களைப் பராமரிக்க என்றே மத்திய அரசு பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் கொடுத்தது. அதற்குள் உலகம் வேறு வகைக் கணினிக்கு மாறிவிட்டது.

மோகாலிக்கு வேறொரு சோதனை. 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிய அந்தச் சிப் ஆலையில் 1989 பிப்ரவரியில் பெரும் தீ விபத்து ஏற்பட்டது. மறுபடி எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆயின. இந்தியா சிப் செய்வதில் இழந்த காலத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்தத் தீயைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. அதே வளாகம் இன்று அரசின் செமி-கண்டக்டர் ஆய்வகம். இஸ்ரோவுக்காக அங்கே செய்யப்பட்ட 'விக்ரம் 3201' செயலி 2025 செப்டம்பரில் வெளியிடப்பட்டது.

கேம்பிரிட்ஜில் கதை வேறு விதமாகப் போனது. 6502-க்கு அடுத்து என்ன என்று தேடிய ஃபர்பரும் வில்சனும், மென்ஷின் சிறிய நிறுவனத்தைப் போய்ப் பார்த்தார்கள். இத்தனை சிறிய குழுவே செயலி வடிவமைக்க முடியுமென்றால் நம்மால் முடியாதா என்று தோன்றியது. தாங்களே வரைந்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று அந்தச் சிப் கைக்கு வந்தது. அதைச் சோதிக்க மாட்டியது எதில் தெரியுமா? பி.பி.சி. மைக்ரோவில்தான். சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தச் சிப்பின் பெயர் ஆர்ம். இன்று ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளும் அந்த வழிவந்த செயலியில்தான் ஓடுகின்றன.

பரணில் ஒன்று இருந்தால்

கொங்குப் பகுதியின் பழைய பள்ளி ஏதாவது ஒன்றின் ஆய்வகப் பரணில் இப்படிப்பட்ட பெட்டி இன்னும் கிடக்கலாம். சிவந்த விசைகள் மேல்வரிசையில் இருந்தால் பி.பி.சி. மைக்ரோ, நீல விசைகள் இருந்தால் டால்ஃபினாக இருக்கலாம்.

ஆசையில் உடனே ப்ளக்கைச் செருக வேண்டாம். பவர் சப்ளைக்குள் இருக்கும் காகித வகைக் கெபாசிட்டர்கள் காலப்போக்கில் விரிசல் விட்டு ஈரம் இழுத்திருக்கும். மின்சாரம் பட்டதும் வெடித்து அறை முழுக்கப் புகை கிளம்பும். பவர் சப்ளையைத் திறப்பது பிள்ளைகள் வேலை இல்லை. அனுபவமுள்ள எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் முதலில் அவற்றை மாற்றட்டும். பிறகு சுவிட்சைப் போட்டுக் காதைத் தீட்டிக் கேட்கலாம்.

இரும்பு எடைக்குப் போட்டால் கிடைப்பது சில நூறு ரூபாய். சோமனூர் வட்டாரத்தில் கூலி கட்டுப்படியாகாமல் தறிகளையே எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அந்த வலி தெரிந்த ஊர் இது. தறி போகும்போது அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகளும் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. பழைய கணினியும் அப்படித்தான். அதைப் பக்கத்துப் பாலிடெக்னிக்கின் எலக்ட்ரானிக்ஸ் துறைக்குக் கொடுத்தால், செயலி எது, நினைவகம் எது, இருவரும் எப்படி முறை வைத்துக்கொள்கிறார்கள் என்பதை ஒரு மாணவி கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ள முடியும். வீட்டில் தறி ஓடும் பெண்ணாக இருந்தால் பாதிப் பாடம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.